மலையேறும் வண்டியும் இண்டர்கூலரும்

சென்ற சித்திரை மாதத்தில் கொல்லிமலை அடிவாரத்துச் சங்கமொன்றுக்கு ஆய்வுக்காகச் சென்றிருந்தபோது, தீர்மானப் புத்தகத்தில் ஒரு பதிவு நம் கண்ணில் பட்டது. சங்கத்திற்குச் சொந்தமான, நான்கு சக்கரமும் இழுக்கும் டர்போ டீசல் பிக்கப் வண்டிக்குப் பெரிய இண்டர்கூலர் ஒன்று பொருத்துவதென்றும், அதற்காகும் ஐந்திலக்கத் தொகையைச் சங்க நிதியிலிருந்து எடுப்பதென்றும் டைரக்டர்கள் ஏகமனதாகத் தீர்மானித்திருந்தனர். இண்டர்கூலர் என்பது யாது என்று வினவினோம். கையொப்பமிட்டவர்களுள் விடை பகர்ந்தவர் ஒருவருமிலர். நமக்கும் அன்று அது தெளிவாகத் தெரியாது. எனவே செலவை அனுமதிக்குமுன் வண்டியைப் பார்ப்போம் என்றோம்.

விஷயம் கடினமானதன்று. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதை யாவரும் அறிவர். காற்றை அமுக்கினால் அது சூடேறும். சூடேறிய காற்று விரியும். விரிந்த காற்றில் பிராணவாயு குறைவு. புகைபோக்கியின் வழியே வீணாகும் வாயுவைக் கொண்டு சக்கரமொன்றைச் சுழற்றி, எஞ்சினுக்குள் காற்றை அமுக்கிச் செலுத்துவதே டர்போ. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் புய்கி 1905-ஆம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை கோரினார். அமுக்கிய காற்று எஞ்சினுக்குள் புகுமுன் அதன் சூட்டைத் தணிக்கும் தகட்டுப் பெட்டியே இண்டர்கூலர். இதன் உறவினரைக் காண விரும்புவோர் நாமக்கல் சாலையோரப் பஞ்சர் கடைகளுக்குச் செல்லலாம். அங்குள்ள இரண்டு கட்டக் காற்று கம்ப்ரஸரில், பெரிய சிலிண்டரிலிருந்து சிறிய சிலிண்டருக்குச் செல்லும் செதிள் வைத்த குழாய் இதே வேலையைத்தான் செய்கிறது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். நம் சமவெளியில் கோடைக்காற்று 38 டிகிரி என்று கொள்வோம். டர்போ அதை இரு மடங்கு அழுத்தத்திற்கு அமுக்கினால் வெப்பம் ஏறக்குறைய 135 டிகிரிக்கு ஏறும். கூடிய வெப்பத்தில் நூற்றுக்கு 60 பங்கைத் தணிக்கும் சாதாரண இண்டர்கூலர் அதை 77 டிகிரிக்குக் கொணரும். இதனால் அதே அழுத்தத்தில் காற்றின் செறிவு நூற்றுக்குச் சுமார் 16 கூடுகிறது. இதை நீக்கிவிட்டு நூற்றுக்கு 80 பங்கு தணிக்கும் பெரியதைப் பொருத்தினால் 57 டிகிரி ஆகும். மேலும் கிடைப்பது நூற்றுக்கு 6 மட்டுமே. ஆக, முதல் இண்டர்கூலர் கொடுப்பது அதிகம். இரண்டாவது கொடுப்பது சொற்பம். அந்தச் சொற்பமும் இழுவையாக மாறுமென்பது நிச்சயமில்லை. டீசல் எஞ்சின் தேவைக்கு மேற்பட்ட காற்றை வைத்துக்கொண்டே ஓடுவது. உள்ளே செல்லும் எண்ணெயைக் கூட்டினாலன்றி வேகம் கூடாது. எண்ணெய் அளவு மாறாதிருக்கக் குளிர்ந்த காற்றைக் கொடுத்தால் புகையும் வெளிவாயுவின் சூடும் குறையும். அதுவும் நன்மையே, ஆயின் டைரக்டர்கள் எதிர்பார்த்த நன்மை அதுவன்று.

மற்றும் நம் மலைப்பாதை இக்கருவிக்கு உகந்ததன்று. காரவள்ளியிலிருந்து மேலேறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலே உரமூட்டையும் அரிசி மூட்டையும், கீழே அன்னாசியும் பலாவும் மிளகும் ஏற்றி வரும் வண்டி, வளைவுகளில் முதல் கியரிலும் இரண்டாவது கியரிலுமே ஊர்கிறது. எதிர்க்காற்று வீசினால்தான் தகட்டுப் பெட்டி குளிரும். ஊரும் வண்டிக்கு எதிர்க்காற்று ஏது? விசிறி இழுப்பதே கதி. பெட்டி எஞ்சினுக்கு மேல் அமைந்த வண்டிகளில் கீழிருந்து எழும் சூடும் சேர்ந்துகொள்கிறது. ரேடியேட்டருக்கு முன்னால் தடித்த பெட்டியை வைத்தாலோ ரேடியேட்டருக்குச் செல்லும் காற்று தடைப்பட்டு, ஏற்றத்தில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கும். குழாய்களும் பெட்டியும் பெரிதானால் அவற்றை நிரப்ப டர்போவுக்கு நேரமும் கூடுதலாக வேண்டும். வளைவில் திரும்பி ஆக்ஸிலேட்டரை மிதித்தவுடன் வண்டி சற்றுத் தயங்கும். பின்னே பள்ளத்தாக்கு இருக்கையில் அத்தயக்கம் விரும்பத்தக்கதன்று. நூல் பேலும் துணியும் ஏற்றிச் சேலம், ராசிபுரம் சாலைகளில் ஓடும் நெசவாளர் சங்க வண்டிகளுக்கு இத்தொல்லைகள் பெரும்பாலும் இல்லை. பெரிய இண்டர்கூலரின் தேவையும் இல்லை.

அடிவாரச் சங்கத்தின் கதைக்கு வருவோம். "கியர் மாத்தினா இழுவையே இல்லீங்க சார், கரும்புகைதான் வருது. உஸ்ஸுன்னு ஒரு சத்தமும் கேக்குது" என்றார் டிரைவர். அந்தச் சத்தத்தைப் பற்றித் தீர்மானத்தில் ஒரு சொல்லுமில்லை. மூத்த மெக்கானிக் ஒருவரை அழைத்தோம். அவர் குழாய்களின் இரு முனைகளையும் அடைத்து, டர்போ தரும் அழுத்தத்திற்கு மிகாமல், சுமார் 15 பவுண்டு காற்றை மட்டும் செலுத்திச் சோப்பு நீரைத் தடவினார். டர்போவிலிருந்து இண்டர்கூலருக்குச் செல்லும் ரப்பர் ஹோஸ் கிளாம்புக்கு அருகே நுரை கொப்பளித்தது. ஹோஸின் அடிப்புறத்தில் விரல் நீள வெடிப்பு. அமுக்கிய காற்றில் ஒரு பகுதி எஞ்சினை அடையாமல் வெளியேறிக்கொண்டிருந்தது. பெட்டியின் தகடுகளிலோ பூச்சியும் வைக்கோல் தூளும் செம்மண்ணும் அப்பிக் கிடந்தன. இந்நிலையிலுள்ள வண்டிக்கு இரு மடங்கு பெரிய இண்டர்கூலர் பொருத்தியிருந்தாலும் காற்று அதே வெடிப்பின் வழியே போயிருக்கும்.

தகடுகளைக் கழுவும் முறையையும் அவர் காட்டினார். வேகமாய்ப் பீய்ச்சும் நீர் தகடுகளை மடக்கிவிடுமாதலால், பின்புறமிருந்து மெல்லிய நீரையே விட வேண்டும். பெட்டியின் உட்புறத்தில் சிறிது எண்ணெய்ப் பிசுக்கு இருப்பது இயல்பு. குவளைக் கணக்கில் தேங்கியிருந்தால் டர்போவின் சீல் போய்விட்டதென்று கொள்ள வேண்டும். இதில் அலட்சியம் கூடாது. தேங்கிய எண்ணெயை எஞ்சின் உறிஞ்சிக்கொண்டால், சாவியைத் திருப்பி நிறுத்திய பின்னும் கட்டுக்கடங்காமல் ஓடி உடைந்துபோகும்.

பெரிய இண்டர்கூலரே வேண்டாமென்பது நம் அபிப்பிராயமன்று. பழைய பெட்டி விரிசல் கண்டு மாற்ற வேண்டிய நிலையில், அதே வண்டிக்கென அளவாகச் செய்த சற்றுப் பெரியது கிடைத்தால் வாங்கலாம். ஆனால் அதற்காக முன்பக்கச் சட்டத்தை வெட்டுவதும், எஞ்சின் கணினியில் எண்ணெய் அளவை ஏற்றுவதும் சங்க வண்டிக்குத் தகாதன. அவ்வாறு செய்த வண்டிக்கு உத்தரவாதம் மறுக்கப்படக்கூடும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை வலியுறுத்தியது. விபத்து நேர்ந்து இன்ஷூரன்ஸ் கம்பெனி கேள்வி எழுப்பினால், காரியதரிசி விடை கூற வேண்டியிருக்கும்.

அச்சங்கத்தில் புதிய ஹோஸ் ஒன்றும் கிளாம்பு இரண்டும் வாங்கப்பட்டன. மெக்கானிக் கூலி உட்பட நான்கிலக்கத் தொகையிலேயே வேலை முடிந்தது. மறுநாள் உரமூட்டைகளுடன் வண்டி சோளக்காடு வரை ஏறிற்று. டிரைவரின் அருகில் நாமும் அமர்ந்து சென்றோம். புகை இல்லை, சத்தமும் இல்லை. அடுத்த மாதக் கூட்டத்தில் முந்தைய தீர்மானம் ரத்து செய்யப்பட்டு, மிஞ்சிய பணத்தில் தேய்ந்துபோன பின் டயர்கள் இரண்டையும் மாற்றுவதென முடிவாயிற்று. இம்முறை டயர்களை நேரில் பார்த்த பின்னரே டைரக்டர்கள் கையொப்பமிட்டனர் என்று காரியதரிசி எழுதியிருக்கிறார்.