புதுப் பெயின்ட் வாசனைக்குப் பின்னால்

புது ஹெலிகாப்டருக்கு ரிப்பன் வெட்டும் மேடையை விட்டுவிடலாம். வாங்க, பின்வாசல் வழியாக ஹேங்கருக்குள் நுழைவோம். எண்ணெய் வாசனையும் பெயின்ட் வாசனையும் கலந்து அடிக்கிற அந்த இடத்தில்தான் எனக்குக் கால் தரையில் நிற்காது! அங்கேதான் பேனல்களைக் கழற்றி, டார்ச் அடித்து, புதுசாக வந்தவள் எப்படி இருக்கிறாள் என்று தொட்டுத் தடவிப் பார்ப்பார்கள்.

ஏணியில் ஏறி முதலில் கூரைக்குப் போவோம். ரோட்டாருக்கு நேர் கீழே இருப்பது மெயின் கியர்பாக்ஸ். பெரிய ஹெலிகாப்டர்களில் பெரும்பாலும் எஞ்சின் இரண்டு. ஒன்று நின்றால் இன்னொன்று தாங்கும். மெயின் கியர்பாக்ஸ் ஒன்றே ஒன்றுதான். என்எச்-90 என்ற ஹெலிகாப்டர் ரகத்தில் எஞ்சினிலிருந்து வரும் தண்டு நிமிடத்துக்குச் சுமார் 20,000 சுற்று சுற்றும். தலைக்கு மேலே ரோட்டார் சுற்றுவதோ சுமார் 250 தடவைதான். அத்தனை வேகத்தையும் அடக்கி, பல டன் எடையைத் தூக்கும் பலமாக மாற்றுவது அந்த ஒரு பெட்டிக்குள் இருக்கும் பற்சக்கரங்கள். நினைத்தாலே சிலிர்க்கிறது!

அந்தப் பெட்டியின் அடிப்பக்கம் கட்டைவிரல் அளவில் ஒரு திருகு இருக்கும். பெயர் சிப் டிடெக்டர். நுனியில் சின்னக் காந்தம். உள்ளே ஏதாவது தேய்ந்தால், எண்ணெயோடு சுற்றி வரும் இரும்புத் துகள் அதில் வந்து ஒட்டிக்கொள்ளும். துகள் சேர்ந்து திருகில் உள்ள இரண்டு மின்முனைகளையும் இணைத்துவிட்டால் விமானி முன்னால் எச்சரிக்கை விளக்கு எரியும். டெக்னீஷியன் அந்தத் திருகைக் கழற்றி, வெள்ளைத் துணியில் துடைத்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கும் காட்சி இருக்கிறதே, எந்த விமான சாகசமும் அதற்கு ஈடில்லை. கண்மை போல நைசாக ஒட்டியிருந்தால் பெரும்பாலும் பயமில்லை. புதுப் பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று பழகும்போது அப்படித் தேயும். சில்லு சில்லாக இருந்தால், அன்றைக்குப் பறப்பது அத்தோடு நின்றது. புதுசுதானே என்று அசட்டையாக விட யாருக்கும் மனசு வராது.

ரோட்டார் பிளேடுகளுக்கும் ஒரு பரீட்சை உண்டு. எல்லாப் பிளேடும் ஒரே மட்டத்தில் சுற்ற வேண்டும்; ஒன்று மேலே, ஒன்று கீழே என்று போனால் உடம்பு முழுக்க நடுங்கும், அந்த நடுக்கமே நாளடைவில் போல்ட்டைத் தளர்த்தும், விரிசலை உண்டாக்கும். இப்போது கேமராவும் சென்ஸாரும் வந்துவிட்டன. முன்னே என்ன செய்தார்கள் தெரியுமா? ஒவ்வொரு பிளேடு நுனியிலும் ஒவ்வொரு நிறத்தில் சாக்பீஸ் தடவுவார்கள். நீளக் கம்பத்தில் துணியைக் கட்டி, சுற்றிக்கொண்டிருக்கும் பிளேடு நுனிகளை மெள்ள மெள்ள அது தொடும்படி ஒருவர் சாய்ப்பார். துணியில் விழுந்த நிறக்கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று இருந்தால் சரி. தள்ளித் தள்ளி இருந்தால் எந்தப் பிளேடு விலகியிருக்கிறது என்று நிறமே காட்டிக்கொடுத்துவிடும்!

இவ்வளவு பார்த்து வாங்கியும் நோய் வருமா? வரும். நெதர்லாந்தின் வடக்கே, டென் ஹெல்டர் துறைமுகத்துக்குப் பக்கத்தில், டே கோய் என்ற விமான தளம் இருக்கிறது. அந்நாட்டின் கடல் பணிக்கான என்எச்-90கள் அங்கேதான் நிற்கின்றன. 1995-இல் முதன்முதலாகப் பறந்த ரகம் அது. உடம்பில் பெரும்பகுதி கார்பன் இழையால் ஆனது. விமானியின் கை அசைவு கம்பி, நெம்புகோல் வழியாகப் போகாமல் மின் சைகையாகவே ரோட்டாரை எட்டும். தொடராகத் தயாரான ஹெலிகாப்டர்களில் இந்த ஏற்பாட்டோடு வந்த முதல் ரகம் இதுவே. நெதர்லாந்து கேட்டது 20. கடலில் நீண்ட நாள் பணிக்குப் போய்த் திரும்பிய இரண்டைப் பிரித்துப் பார்த்தபோது, வயசுக்கு மீறிய அரிப்பும் தேய்மானமும் கண்ணில் பட்டன. அந்நாட்டின் தேசிய விமான, விண்வெளி ஆய்வுக்கூடத்தை அழைத்தார்கள். எண்ணி எடுத்த குறைகள் சுமார் நூறு! பெரும்பாலானவை வடிவமைப்பிலும் தயாரிப்பிலும் நேர்ந்தவை.

கடலில் பறக்கப் பிறந்தவளைக் கடல்காற்றே அரிப்பதா? என் மனசு அடித்துக்கொண்டது. ஆனால் அதன் சூட்சுமம் என்னைக் கட்டிப் போட்டுவிட்டது. கார்பன் இழையும் அலுமினியமும் ஒட்டி நிற்கும் இடத்தில் உப்புநீர் ஒரு சொட்டு புகுந்துவிட்டால் போதும், அந்த இடமே குட்டி பேட்டரி ஆகிவிடும். கரைந்து போவது அலுமினியம். அதனால்தான் இரண்டுக்கும் நடுவே பூச்சும் அடைப்பும் அவ்வளவு முக்கியம். கடற்கரையோரம் வீடு கட்டி, ஜன்னல் கம்பி செதில் செதிலாக உதிர்வதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காற்றின் பசி தெரியும். 2014 ஜூனில் 13 ஹெலிகாப்டர்கள் கைக்கு வந்திருந்த நிலையில், மீதி ஏழை இப்போதைக்கு வாங்க மாட்டோம் என்று நெதர்லாந்து அரசு நிறுத்திவைத்தது. பழுதைச் சரிசெய்வது பற்றித் தயாரிப்பாளரோடு உடன்பாடு வந்த பிறகே மறுபடி வாங்கியது.

நார்வேயோ காத்துக் காத்துப் பொறுமை இழந்தது. அதே ரகத்தில் 2001-இல் 14 கேட்டது. 2008-க்குள் வந்திருக்க வேண்டியவை. 2022 ஜூன் வரை முழுத் தகுதியோடு வந்தவை எட்டு. ஆண்டுக்கு 3,900 மணி நேரம் பறக்க வேண்டும் என்பது கணக்கு; சராசரியாகக் கிடைத்தது சுமார் 700. ஒப்பந்தத்தையே ரத்து செய்து, எல்லாவற்றையும் திருப்பித் தருகிறோம், பணத்தைக் கொடுங்கள் என்றது!

இன்னொரு ஹேங்கர் பாக்கி இருக்கிறது. இங்கிலாந்தின் பாஸ்கம் டவுன். 1995-இல் கேட்டு, 2001-இல் வந்து சேர்ந்த எட்டு சினூக் எம்கே-3 ஹெலிகாப்டர்கள் நின்றது அங்கேதான். விலை சுமார் 25.9 கோடி பவுண்டு. எஞ்சின் நலம், கியர்பாக்ஸ் நலம், பிளேடு நலம். சிக்கியது காக்பிட்டில் இருந்த மென்பொருள். அதன் மூல நிரலைச் சோதிக்கும் உரிமையைப் பாதுகாப்பு அமைச்சகம் ஒப்பந்தத்தில் எழுதிக் கேட்கவில்லை. நிரலைப் பார்க்காமல் நம்பகமானது என்று சான்று தர முடியாது. ஆகவே வானம் தெளிவாக இருக்கும்போது மட்டும், 500 அடிக்கு மேலே மட்டும் பறக்கலாம் என்றார்கள். மேகம் கூடினால் உள்ளேயே இரு! ஆப்கானிஸ்தானில் ஹெலிகாப்டர் பற்றாமல் வீரர்கள் தவித்த அதே ஆண்டுகளில் இந்த எட்டும் கூரைக்குக் கீழே நின்றன. அதை எழுதும்போது இன்றும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

பிறகு நடந்ததுதான் நான் கண்ணாரப் பார்க்க ஏங்கும் காட்சி. 2007-இல் முடிவெடுத்து, பளபளவென்ற புது டிஜிட்டல் காக்பிட்டைப் பிரித்து எடுத்தார்கள். திரைகள் வெளியே வந்தன, கம்பிக்கற்றைகள் வெளியே வந்தன. அந்த இடத்தில், சான்று பெற்றுப் பறந்துகொண்டிருந்த பழைய சினூக்குகளில் இருக்கும் கருவிகளே உட்கார்ந்தன. புதுசைப் பழசாக்கும் வேலை! 2009-இல் அவற்றில் முதலாவது மேலே எழுந்தது. இரட்டை ரோட்டார் தடதடக்க, எட்டு ஆண்டு ஹேங்கர் வாசம் தீர்ந்து.