மீனுக்கு முன்னே நீரைப் பக்குவப்படுத்துவோம்

வண்ண மீன் வளர்ப்பு கண்ணுக்கு இனிய பொழுதுபோக்கு என்பதோடு, முறையாகச் செய்தால் குடும்ப வருவாய்க்குத் துணை நிற்கும் தொழிலுமாகும். சென்னைக் கொளத்தூரில் பல குடும்பங்கள் இதனையே பிழைப்பாகக் கொண்டு வாழ்ந்து வருகின்றன. மத்திய அரசு 2020-ஆம் ஆண்டில் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பத யோஜனா திட்டத்திலும் வண்ண மீன் வளர்ப்பு இடம் பெற்றது. பொதுப் பிரிவினருக்கு 40 விழுக்காடும், மகளிர்க்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினர்க்கும் 60 விழுக்காடும் மானியம் என அதில் வகுக்கப்பட்டது. ஆகவே மகளிர் குழுக்களும் இளைஞர்களும் இத்தொழிலில் நாட்டம் கொள்வது இயல்பே.

தொழில் பெரிதாயினும் சிறிதாயினும் அதற்கு முதற்படி ஒரு கண்ணாடித் தொட்டியே. ஒரு தொட்டியைச் செம்மையாகப் பேணக் கற்றவர் பத்துத் தொட்டிகளையும் பேணுவர். ஆனால் கிராமங்களில் நாம் அடிக்கடி கேட்கும் முறையீடு ஒன்று உண்டு. “தொட்டி புதியது, நீர் பளிங்கு போல இருந்தது, தீனியும் தவறாமல் இட்டோம். பத்தே நாளில் மீன்கள் மாண்டு போயின” என்பர். சிலர் மீன் விற்றவரைக் குறை கூறுவர். சிலர் தம் கைராசியை நொந்துகொள்வர். பெரும்பாலும் காரணம் வேறு. நீர் தெளிந்திருந்தது, ஆனால் பக்குவப்பட்டிருக்கவில்லை.

நீரின் பக்குவம் என்பது யாது?

உழவர் பெருமக்களுக்கு இது புதிய செய்தியன்று. பச்சைச் சாணத்தை நேரே பயிருக்கு இட்டால் வேர் கருகும். மக்கிய எருவாக இட்டால் பயிர் செழிக்கும். இடையில் அந்த மாற்றத்தைச் செய்வன கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள். மீன் தொட்டியிலும் இதே வேலைதான் நடைபெற வேண்டும்.

மீன்கள் தம் கழிவின் பெரும் பகுதியைச் செவுள் வழியாக அம்மோனியாவாக நீரில் விடுகின்றன. மிஞ்சிய தீனி அழுகினாலும் அம்மோனியா உண்டாகும். கழுவாத மாட்டுத் தொழுவத்தில் மூக்கைத் துளைக்கும் நெடி இதனுடையதே. நீரில் இது சிறிதளவு சேர்ந்தாலும் மீனின் செவுள் புண்ணாகும். ஆற்றிலும் ஏரியிலும் நீர்ப்பரப்பு பெரிது. கழிவு கரைந்து போகும். ஐம்பது லிட்டர் நீரில் அதற்குப் போக்கிடம் ஏது?

இதற்கு இயற்கையே வழி வகுத்துள்ளது. நைட்ரோசோமோனாஸ் போன்ற நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சே, மீனின் குருதி பிராணவாயுவைச் சுமக்கவொட்டாமல் அது தடுக்கும். நைட்ரோஸ்பைரா போன்ற வேறு நுண்ணுயிர்கள் அதனை நைட்ரேட்டாக்குகின்றன. நைட்ரேட் அத்துணைக் கேடு செய்வதில்லை. பயிருக்கு அது உணவு. நீரில் வளரும் செடிகள் அதில் ஒரு பகுதியை உறிஞ்சும். எஞ்சியதை வாரந்தோறும் நீர் மாற்றி நீக்கிவிடலாம். இந்நுண்ணுயிர்கள் மணலிலும் வடிகட்டியின் பஞ்சிலும் குடியேறிப் போதிய அளவு பெருகுவதற்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் வேண்டும்.

தொட்டியை அமைக்கும் முறை

தொடக்கத்திற்கு இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி ஏற்றது. அது சுமார் 57 லிட்டர் நீர் கொள்ளும். மிகச் சிறிய தொட்டியும் குடுவையும் எளிது எனத் தோன்றும். ஆனால் நீர் குறையக் குறைய அது விரைவில் கெடும் என்பதை மறத்தலாகாது. நீரும் மணலும் சேர்ந்த தொட்டி ஒரு மூட்டை நெல்லின் பாரத்தை எட்டும். ஆதலால் ஆடாத, மட்டமான மேடை தேவை. அடியில் தெர்மோகோல் அட்டை இட்டால் கண்ணாடி விரிசல் காணாது. வெயில் நேரே விழும் இடத்தில் வைத்தால் நீர் சூடேறிப் பாசி படரும்.

அடியில் இரண்டு அங்குல உயரத்திற்குப் பருமணலையோ சிறு கூழாங்கல்லையோ, கழுவிய நீர் தெளியும் வரை அலசிப் பரப்புக. கல்லின் மீது வினிகர் சில துளிகள் விட்டு, நுரைத்தால் அது சுண்ணாம்புக் கல் என அறிந்து தவிர்க்க. கிளிஞ்சலும் வேண்டா. மணல் மேல் ஒரு தட்டை வைத்து அதன் மீது நீரை வார்த்தால் மணல் கலையாது.

குடிநீர்க் குழாயில் வரும் நீரில் குளோரின் கலந்திருக்கும். அது மீனுக்கும் ஆகாது. நாம் வளர்க்க விரும்பும் நுண்ணுயிர்க்கும் ஆகாது. ஓர் அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் முழுவதும் வைத்திருந்து பின்னர் ஊற்றுக. ஆழ்துளைக் கிணற்று நீரில் பிராணவாயு குறைவாக இருக்கக்கூடும். அதையும் ஒரு நாள் காற்றாட வைத்தல் நலம்.

காற்று மோட்டாரில் இயங்கும் பஞ்சு வடிகட்டி விலையில் எளியது; மின்சாரமும் மிகச் சிறிதே செலவாகும். அதனை இரவு பகலாக ஓடவிடல் வேண்டும். நுண்ணுயிர்க்கும் பிராணவாயு இன்றியமையாதது. 24 முதல் 28 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் இம்மீன்களுக்கு உகந்தது. நமது சமவெளி மாவட்டங்களில் நீரைச் சூடாக்கும் கருவி பெரும்பாலும் தேவைப்படாது. நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளில் தேவைப்படும்.

காத்திருக்கும் நாட்கள்

தொட்டி அமைந்தபின் மீன் விடாமல், நாள்தோறும் ஒரு சிட்டிகை மீன் தீனி மட்டும் இட்டு வருக. அது அழுகி அம்மோனியா தோன்றும். அதை உண்டு நுண்ணுயிர் பெருகும். நன்றாக இயங்கிவரும், நோயற்ற தொட்டி ஒன்றிலிருந்து பழைய பஞ்சோ ஒரு பிடி மணலோ கிடைத்தால், பாலுக்கு உறைமோர் இட்டது போலப் பணி விரைவில் முடியும். மீன் கடைகளில் கிடைக்கும் சோதனை மருந்தைக் கொண்டு நீரைப் பார்த்து வருக. முதலில் அம்மோனியா ஏறும். பின்பு அது தணிந்து நைட்ரைட் ஏறும். இறுதியில் இரண்டும் மறைந்து நைட்ரேட் மட்டும் காணும். அதுவே மீன் விடும் நாள்.

முதலில் நான்கைந்து சிறு மீன்களே போதும். கப்பி, மோலி, பிளாட்டி ஆகியவை குட்டி ஈனுபவை, தொடங்குவோர்க்கு ஏற்றவை. நம் நாட்டு நீரோடைகளுக்கே உரிய ஜீப்ரா மீனும் வலியது. சண்டை மீன் ஆண்கள் இரண்டினை ஒரே தொட்டியில் விடலாகாது. மீன் வந்த பையைக் கால் மணி நேரம் தொட்டி நீரில் மிதக்கவிட்டு, தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பையில் சேர்த்து, மீனை மட்டும் வலையால் எடுத்து விடுக. பத்துப் பதினைந்து நாட்கள் கழித்து மேலும் சில மீன்களைச் சேர்க்கலாம்.

அன்றாடப் பேணுதல்

இரண்டு நிமிடத்தில் உண்டு தீரும் அளவே தீனி இடுக. அன்பு மிகுதியால் அள்ளி இடும் தீனியே பல மீன்களுக்கு நமனாகிறது. வாரம் ஒரு முறை கால் பங்கு நீரை ரப்பர்க் குழாயால் அடிமட்டத்திலிருந்து இறக்கி, குளோரின் நீங்கிய நீரை நிரப்புக. பஞ்சினை, இறக்கிய அந்நீரிலேயே பிழிந்து கழுவுக. குழாயடியில் கழுவினால் ஆறு வாரம் வளர்த்த நுண்ணுயிர் ஒரே நாளில் அழியும். தொட்டி முழுவதையும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவும் வழக்கமும் இத்தகையதே. மீன்கள் மேல்மட்டத்தில் வாய் பிளந்து நின்றால், உடனே மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றி, அன்று தீனியை நிறுத்துக.

ஊராட்சியின் கடமை

ஊராட்சி உறுப்பினர்கள் கருதவேண்டிய செய்தி ஒன்றுண்டு. வளர்க்க இயலாத மீன்களைச் சிலர் இரக்கத்தால் ஊருணியிலோ ஏரியிலோ விட்டுவிடுகின்றனர். தொட்டியைத் துப்புரவு செய்யும் என்று விற்கப்படும் தென் அமெரிக்கச் சக்கர் மீன் இவ்வாறு வெளியேறி, தமிழ்நாடு உள்ளிட்ட பல மாநிலங்களின் நீர்நிலைகளில் பரவியுள்ளது. அது கரையைத் துளைத்து வளை அமைக்கும். அதன் முட்கள் மீனவர் வலையைக் கிழிக்கும். உள்நாட்டு மீன்களின் இரையையும் அது பங்கிட்டுக்கொள்ளும். ஆகவே வேண்டாத மீனைக் கடைக்கோ வேறு வளர்ப்பவர்க்கோ கொடுப்பதன்றி, பொது நீர்நிலையில் விடலாகாது என்பதைக் கிராம சபையில் எடுத்துரைத்தல் நலம்.

ஊராட்சிப் பள்ளியில் இத்தகைய தொட்டி ஒன்று அமையுமாயின், மாணவர்கள் ஆறு வாரமும் நீரைச் சோதித்துக் கரும்பலகையில் குறித்து வரலாம். மண்ணிலும் நீரிலும் நடைபெறும் நைட்ரஜன் சுழற்சியை அவர்கள் கண்ணாரக் காண்பர். தொழிலாகச் செய்ய விரும்புவோர் மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தை அணுகி, இப்போது கிடைக்கும் பயிற்சியையும் உதவியையும் கேட்டறிக. கடன் பெற்றுப் பல தொட்டிகள் வாங்குமுன், ஒரு தொட்டியை ஒரு பருவம் பேணிப் பார்த்தல் அறிவுடைமை. நாற்றங்காலைப் பண்படுத்தாமல் நாம் விதை தெளிப்பதில்லை. மீன் தொட்டிக்கும் அந்நெறியே பொருந்தும்.