பால் போதவில்லையா?

பிள்ளை பெற்ற வீட்டில் முதல் மாதத்திற்குள் எப்படியும் ஒருமுறை எழும் பேச்சு, "பால் போதவில்லை" என்பது. பெரும்பாலும் தாய் அதை முதலில் சொல்லுவதில்லை. பிள்ளை பார்க்க வந்த உறவினரோ, அடுத்த வீட்டு அம்மாளோ, ஞானஸ்நான விருந்துக்கு வந்த யாரோ ஒருவரோ சொல்லிவிட்டுப் போகின்றனர். பிள்ளை ஓயாமல் அழுகிறது. மார்பு முன்போல் கனக்கவில்லை. பீய்ச்சிப் பார்த்தால் பாலாடையின் அடிகூட மறையவில்லை. எனவே பால் போதவில்லை என்று தீர்ப்பாகிவிடுகிறது. அன்று மாலையே கடையிலிருந்து பால்மாவு டப்பாவும் புட்டியும் வந்து சேருகின்றன. அடுத்த சில வாரங்களில் தாயின் பால் மெய்யாகவே வற்றுகிறது. சொன்னவர்களும் தாங்கள் சொன்னது சரியாயிற்று என்று எண்ணிக்கொள்ளுகின்றனர்.

இதில் நடந்தது யாதென்பதைத் தாய்மார்கள் மட்டுமன்றி, வீட்டிலுள்ள ஆடவரும் மூத்தோரும் அறிந்திருத்தல் நலம். குழந்தை மார்பைச் சப்பும்பொழுது, தாயின் மூளையடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து இரண்டு சுரப்புநீர்கள் வெளிப்படுகின்றன. ப்ரோலாக்டின் என்பது பாலை உண்டாக்குகிறது. ஆக்சிடோசின் என்பது உண்டான பாலைக் காம்பை நோக்கித் தள்ளுகிறது. முதலாவது இரவில் மிகுதியாகச் சுரக்கும். இரண்டாவது, தாயின் மனநிலைக்குப் பெரிதும் கட்டுப்பட்டது. வலியும் அச்சமும் பிறர் சொல்லும் குத்தலும் அதனைச் சிறிது நேரம் தடுத்துவிடக்கூடும். அப்பொழுது பால் இருந்தும் இறங்காது. மேலும், மார்பில் பால் தேங்கி நின்றால், இவ்வளவு போதும் என்று உடல் தானே சுரப்பைக் குறைத்துக்கொள்ளுகிறது. இறைத்த கிணறே ஊறும் என்னும் பழமொழி இங்கே அப்படியே பொருந்தும். புட்டிப்பால் அருந்தி வயிறு நிறைந்த பிள்ளை அடுத்த சில மணி நேரம் மார்பை நாடாது. நாடாதபோது பால் தேங்கும். தேங்கியபோது சுரப்பு குறையும். குறைந்தபோது இன்னொரு புட்டி தேவைப்படும்.

அப்படியாயின் பால் போதுகிறதா என்பதை எவ்வாறு அறிவது? அழுகை நம்பத்தக்க சான்றன்று. மாலை வேளைகளில் காரணமின்றி அழும் பிள்ளைகள் பலர். மூன்றாம் வாரத்திலும், ஆறாம் வாரத்திலும், மூன்றாம் மாதத்திலும் ஏறத்தாழ இரண்டு மூன்று நாள்கள் மணிக்கொருமுறை பால் கேட்கும் பிள்ளைகளும் உண்டு. பெருகிவரும் தன் தேவைக்கேற்பப் பாலைப் பெருக்கிக்கொள்ளவே பிள்ளை அவ்வாறு செய்கிறது. மார்பு மென்மையாவதும், பால் தானே கசிவது நிற்பதும் ஆறு வாரங்களுக்குப் பின் இயல்பு. மார்பின் பருமனுக்கும் பாலின் அளவிற்கும் தொடர்பு மிகக் குறைவு. பீய்ச்சிப் பார்க்கும் அளவும் சான்றாகாது. கையாலோ கருவியாலோ எடுப்பதைவிட நன்றாகப் பற்றிய குழந்தை மிகுதியாக எடுத்துவிடும்.

நம்பத்தக்கவை இரண்டே: நனையும் துணிகளும், தராசும். ஐந்தாம் நாளிலிருந்து, ஒரு பகலும் இரவும் சேர்ந்த பொழுதில் ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் கழிக்க வேண்டும். அது நிறம் வெளிறியிருக்க வேண்டும். முதல் நாள்களின் கருமையான மலம் ஐந்தாம் நாளுக்குள் மஞ்சளாக மாறியிருக்க வேண்டும். எடையைப் பற்றி ஒரு செய்தியை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். பிறந்த முதல் சில நாள்களில் ஏறத்தாழ எல்லாப் பிள்ளைகளுமே சிறிது இளைக்கின்றனர். அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. முதல் நாளன்று ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி அளவே பிள்ளையின் வயிறு ஏற்கும். அதற்குச் சீம்பால் போதும். சேனைத் தண்ணீரும் தேனும் தேவையில்லை. தேன் ஓராண்டு நிறையாத பிள்ளைக்குத் தீங்கும் செய்யலாம். ஆனால் இழப்பு பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்கை எட்டினாலோ, இரண்டு வாரமாகியும் பிறந்த எடை திரும்பாவிட்டாலோ தாமதிக்கலாகாது. அதன்பின் முதல் மூன்று மாதங்களில் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் வரை ஏறுவது இயல்பு.

முதற்பேறு கண்ட இளந்தாய் ஒருத்தியின் நிலையை எண்ணிப் பாருங்கள். அறுவைப் பிரசவம். பால் இறங்க நான்கு நாள்களாயின. பிறந்தபோது 2,900 கிராம் இருந்த பிள்ளை இருபதாம் நாளில் 2,850 கிராமே இருக்கிறது. இங்கே பால் குறைவு என்பது வெறும் பேச்சன்று, உண்மை. "கவலைப்படாதே, தானாக வரும்" என்று தேற்றுவதும் தவறு. "உனக்கு ராசியில்லை" என்று சொல்லிப் புட்டியைக் கையில் கொடுப்பதும் தவறு. காரணத்தைத் தேட வேண்டும். பிள்ளை காம்பை மட்டும் பற்றுகிறதா? நாவின் அடிச்சவ்வு இறுகி நாக்கு நீள முடியாமல் இருக்கிறதா? மஞ்சட்காமாலையால் அயர்ந்து உறங்குகிறதா? தாய் உறங்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் இரவு வேளைகளைப் பாட்டி புட்டியால் ஈடுசெய்கிறாரா? தாயின் பக்கம், பிரசவத்தில் மிகுந்த இரத்தப்போக்கு, நஞ்சின் துண்டு உள்ளே தங்கிவிடுதல், தைராய்டுக் குறைவு, மார்பில் முன்பு நடந்த அறுவை, ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை முதலியன காரணமாகலாம். இவற்றுள் பெரும்பாலானவற்றிற்கு வழியுண்டு. மருத்துவரிடம் செல்லத் தயங்க வேண்டாம்.

பெருவாரியான வீடுகளில் முதலில் திருத்த வேண்டியது பிள்ளை பற்றும் முறையே. பிள்ளையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டியிருக்க, தலையும் உடலும் ஒரே நேர்கோட்டில் அமைய வேண்டும். வாய் நன்கு திறந்த பின்னரே மார்போடு அணைக்க வேண்டும். மோவாய் மார்பைத் தொட, கீழுதடு வெளிப்புறம் மடிந்திருக்க, காம்பைச் சூழ்ந்த கருவட்டத்தின் பெரும்பகுதி வாய்க்குள் இருக்க வேண்டும். வலி நீடித்தாலோ காம்பு வெடித்தாலோ, பற்றியது சரியில்லை என்று பொருள். சிறுவிரலை வாயோரத்தில் நுழைத்து விடுவித்து மறுபடியும் தொடங்கலாம். ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை, இரவிலும் தவறாமல் ஊட்ட வேண்டும். கடிகாரத்தைப் பார்த்தன்று, பிள்ளை வாயைத் தேடத் தொடங்கியவுடன். ஒரு பக்கம் காலியான பின் மறுபக்கம். ஊட்டிய பிறகு சில நிமிடம் கையால் பீய்ச்சி எடுத்தால், உடலுக்கு இன்னும் வேண்டும் என்ற செய்தி போகும். எடுத்த பாலையும் பிள்ளைக்கே புகட்டலாம்.

மற்றொன்று, தாயின் நெஞ்சோடு தோலும் தோலும் படப் பிள்ளையை அணைத்து வைத்தல். கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978ஆம் ஆண்டு, குறைமாதக் குழந்தைகளை வெப்பப்பெட்டி போதாமையால் இவ்வாறு வைக்கத் தொடங்கினர். அம்முறை இன்று உலகெங்கும் கையாளப்படுகிறது. பால் இறங்குவதற்கும் அது பெருந்துணை.

எடை ஏறும்வரை கூடுதல் பால் வேண்டும் என மருத்துவர் கூறினால், நம் பாட்டிமார் பயன்படுத்திய பாலாடையோ சங்கோ போதும். புட்டியின் இரப்பர்க் காம்பில் எளிதாக வழியும் பாலுக்குப் பழகிய வாய், மார்பில் உழைத்துக் குடிக்க மறுக்கக்கூடும். புட்டியைக் கழுவிக் கொதிக்கவைப்பதும் எளிதன்று.

உணவைப் பற்றி எல்லா வீட்டிலும் ஒரு பட்டியல் உண்டு: பூண்டு, முருங்கைக்கீரை, பால்சுறாப் புட்டு, வெந்தயம். இவை நல்லுணவுகள்; உண்ணலாம். ஆனால் பிள்ளை சப்பாத மார்பில் பூண்டு எவ்வளவு தின்றாலும் பால் ஊறாது. பத்தியம் என்ற பெயரில் தாய்க்கு நீரைக் குறைப்பதும், காய்கறி, பழங்களை விலக்குவதும் சற்றும் ஏற்கத்தக்கவை அல்ல. வழக்கத்தைவிட நாளொன்றுக்கு 500 முதல் 600 கலோரி மிகுதியாக அவளுக்குத் தேவை. தாகத்திற்கேற்ற நீரும் தேவை. பால் பெருக்கும் மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்குதல் கூடாது. டோம்பெரிடோன் போன்றவை சிலருக்கு இதயத் துடிப்பைக் குலைக்கும்.

கணவன்மாருக்கும் ஒரு சொல். பன்னிரண்டு முறை பாலூட்டும் பெண்ணுக்கு அடுப்படியிலும் துணி துவைக்குமிடத்திலும் நிற்க நேரமேது? அவ்வேலைகளைப் பகிர்ந்துகொள்ளுங்கள். வந்தவர் பேச்சை வாசலிலேயே நிறுத்துங்கள். பால்மாவு விளம்பரத்தை நம் நாட்டில் 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்துவிட்டது. உறவினர் வாய்க்கு அத்தகைய சட்டம் ஏதுமில்லை.

இவ்வளவு செய்தும் முழு அளவு பால் சுரக்காத தாய்மார் சிலர் இருக்கவே செய்கின்றனர். மார்பிலுள்ள பாற்சுரப்பித் திசு போதாமை இதற்கு ஒரு காரணம். அத்தகையோரைக் குற்றம் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. இருக்கும் பாலை முதலில் ஊட்டிவிட்டு, மிகுதிக்குப் பால்மாவு கொடுக்கலாம். கால்பங்கு தாய்ப்பாலும் நோயெதிர்ப்புப் பொருள்களைக் கொண்டதே. ஓராண்டு நிறையுமுன் பசும்பால் தாய்ப்பாலுக்கு ஈடாகாது. பால்மாவைக் கரைக்கையில் டப்பாவில் கண்ட அளவை மீறி நீர் சேர்க்கலாகாது. மாதக் கடைசியில் டப்பா இன்னும் நான்கு நாள் வரட்டும் என்று நீர்க்கக் கரைக்கும் வீடுகள் உண்டு. அப்பிள்ளை வயிறு நிறைந்தே இளைக்கும். கொதித்து அரைமணிக்கு மேல் ஆறாத நீரில் கரைத்து, கைபொறுக்கும் சூட்டிற்கு ஆற்றி, இரண்டு மணி நேரத்திற்குள் ஊட்டிவிட வேண்டும். பிள்ளை மீதம் வைத்ததைக் கொட்டிவிட வேண்டும்.