படலை இருக்க வேலியைப் பிரிக்கும் புழு

ஆட்டு ஈரலை அரிந்தபோது இலைபோலத் தட்டையான புழுக்கள் இருந்தனவாம். ‘இனி எங்களுக்கும் ஈரல் புற்றுநோய் வருமா?’ என்று ஒரு வாசகி கேட்கிறார். வட்ஸ்அப்பில் சுற்றும் குரல்பதிவு ஒன்று அப்படித்தான் சொல்கிறதாம். வராது. புற்றுநோயோடு தொடர்புள்ள ஈரற்புழுக்கள் வேறு. தாய்லாந்து, சீனா பக்கம் பச்சை ஆற்றுமீன் தின்பவர்களைப் பிடிப்பவை. நமது ஆடுமாடுகளில் இருப்பது பசியோலா. ஈரலில் வளர்ந்து கிடக்கும் அந்தப் புழுவைத் தின்றாலும் அது நமக்குள் குடியேறாது.

அது குடியேறுவது கீரை வழியாக. சாணத்தோடு குளத்தில் சேரும் முட்டை பொரித்து, நத்தைக்குள் பெருகி, நீந்தி வெளியேறி, நீரோரத் தழையில் கூடு கட்டி ஒட்டிக்கொள்கிறது. 1880களின் தொடக்கத்தில் தாமஸ், லொய்க்கார்ட் என்ற இருவர் தனித்தனியே இதைத் துலக்கினார்கள். வரலாறு இவ்வளவு போதும்.

விளையாட்டே கூடு வயிற்றுக்குள் போனபிறகுதான். முன்சிறுகுடலில் பித்தக்கான் வந்து திறக்கிறது; ஈரலுக்கு அதுதான் படலை. சீனப் புழு அந்தப் படலையால் மரியாதையாக நுழைகிறது. பசியோலாவோ படலையடியில் நின்றுகொண்டே வேலியில் பொட்டுப் பிரிக்கும். குடற்சுவரைத் துளைத்து, வயிற்றறை என்ற வளவெல்லாம் அலைந்து, வீட்டின் பின்சுவரை இடித்து ஈரலுக்குள் இறங்கும். பிறகு வாரக்கணக்காக அறை அறையாய்த் தின்று, கடைசியில் அதே படலைக்குப் போகும் ஒழுங்கையிலேயே, பித்தக்கானிலேயே, பாய் விரித்து ஆண்டுக்கணக்கில் படுத்துக்கொள்ளும். இத்தனை சுற்று எதற்கென்று வீட்டுக்காரரும் கேட்க முடியாது.

சுவர் இடிபடும் காலத்தில்தான் காய்ச்சலும் வலப்பக்க மேல்வயிற்று வலியும் வரும். முட்டையிட மூன்று நான்கு மாதம் ஆகுமென்பதால் அப்போது மலப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாது. இரத்தத்தில் இயோசினோபில் என்ற வெள்ளணு ஏறியிருப்பதுதான் துப்பு. மாறாக, புழு இருந்த ஈரற்கறியைத் தின்றவரின் மலத்தில், நோயே இல்லாமல் முட்டை தெரியலாம். சில நாள் ஈரலை விட்டுவிட்டு மறுபடி சோதிக்க வேண்டும்.

இலங்கையில் மனிதருக்கு இது அரிது, பீதிக்கு இடமில்லை. நோய் உறுதியானால் டிரைகிளபெண்டசோல் என்ற மருந்து ஒன்றிரண்டு வேளையில் முடித்துவிடும். ‘ஈரல் சுத்திகரிப்பு’ என்று விற்கும் பொடிகள் பணப்பையை மட்டுமே சுத்தம் செய்யும்.

பச்சை வல்லாரைச் சம்பலில் மட்டும் கவனம் இருக்கட்டும். இரைப்பை அமிலத்தையே தாண்டும் கூடு தேசிக்காய்ப் புளிக்கு அஞ்சாது; கழுவினாலும் இலகுவில் கழலாது. மாடு மேயும் குளக்கரையிலும் வயல் வாய்க்காலிலும் பிடுங்கிய கீரையை அவித்தே தின்னுங்கள். சம்பலுக்குக் கிணற்றுநீர் ஊற்றி வளர்த்த வீட்டுப் பாத்தி வல்லாரையை எடுங்கள்.