ஆராதனை செல்போனுக்கு வந்துவிட்டது... நற்கருணை வந்ததா? கொரோனா காலத்தில் தமிழகச் சபைகள் சந்தித்த சிக்கல்கள்

2020 மார்ச் 22. நாடு முழுக்க மக்கள் ஊரடங்கு. மாலை 5 மணிக்கு வாசலில் நின்று கைதட்டிய நாளாகத்தான் நிறைய பேருக்கு அது நினைவிருக்கும். தமிழகக் கிறிஸ்தவர்கள் பலருக்கு இன்னொரு நினைவும் உண்டு. அது ஞாயிற்றுக்கிழமை. தவக்காலத்தின் நடுவில், சர்ச்சுக்குப் போகாமல் வீட்டிலேயே உட்கார்ந்திருந்த ஞாயிறு.

மூன்றே நாளில் முழு ஊரடங்கு வந்தது. வழிபாட்டுத் தலங்களில் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை, மதக் கூட்டங்களுக்கு எந்த விதிவிலக்கும் கிடையாது என்றது மத்திய உள்துறை அமைச்சகம். ஏப்ரல் 5 குருத்தோலை ஞாயிறு, ஏப்ரல் 10 புனித வெள்ளி, ஏப்ரல் 12 ஈஸ்டர். மூன்றும் வீட்டுக்குள்ளேயே முடிந்தன.

"அதான் எல்லாம் ஆன்லைன்ல நடந்துச்சே, அப்புறம் என்ன பிரச்னை?" என்று தோன்றலாம். பிரச்னை இருந்தது. எதெல்லாம் செல்போனுக்குள் வந்தது, எதெல்லாம் கடைசி வரை வரவில்லை? பார்க்கலாம்.

செல்போனுக்குள் வந்தவை என்ன?

ஜெபம், வேத வாசிப்பு, பிரசங்கம். கேட்கவும் பார்க்கவும் கூடியவை எல்லாம் வந்துவிட்டன. பெரிய சபைகள் யூடியூபில் நேரலை செய்தன. கேமரா இல்லாத சின்னச் சபைகளில் போதகரின் செய்தி வாட்ஸ்அப் ஆடியோவாக வந்தது. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு மனப்பாட வசனமும் வாட்ஸ்அப்பில்தான்.

வேளாங்கண்ணியும் இதற்கு விலக்கல்ல. ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 வரை நடக்கும் மாதா திருவிழாவுக்கு லட்சக்கணக்கில் பக்தர்கள் வருவார்கள். பல நாள் நடந்தே வருபவர்களும் உண்டு. 2020இல் பக்தர்கள் இல்லாமலேயே கொடி ஏறியது. மக்கள் திரையில்தான் பார்த்தார்கள்.

ஆனால் வீட்டில் ஒரே ஒரு ஸ்மார்ட்போன், அதிலும் பிள்ளைக்கு ஆன்லைன் வகுப்பு என்றால்? பட்டன் போன் மட்டும் வைத்திருக்கும் பாட்டிக்கு என்ன வழி? ஒரு வாரம்கூட ஆராதனையைத் தவறவிடாத முதியவர்கள்தான் முதலில் வெளியே நின்றார்கள். அவர்களுக்குப் போதகரின் போன் அழைப்புதான் ஆராதனை.

நற்கருணை ஏன் சிக்கல் ஆனது?

அப்பத்தையும் ரசத்தையும் பகிர்வதுதான் நற்கருணை. கத்தோலிக்க ஆலயங்களில் குருவானவர் அப்பத்தை நேரடியாகத் தருவார். சிஎஸ்ஐ போன்ற சபைகளில் ஒரே கிண்ணத்தில் எல்லோரும் பருகும் வழக்கம் உண்டு. எல்லோரும் ஒரே குடும்பம் என்பதற்கு அந்த ஒற்றைக் கிண்ணம்தான் அடையாளம். தொற்றுக் காலத்தில் அதுவே ஆபத்தாகிவிட்டது.

கத்தோலிக்கத் திருச்சபை பழைய மரபு ஒன்றை நினைவூட்டியது. நற்கருணையை வாங்க முடியாத சூழலில், அதன் மீதான ஆவலை ஜெபமாகச் சொல்லி மனத்தால் ஏற்பது. பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்கையும் அந்த ஆண்டு விட்டுவிடச் சொன்னது வத்திக்கான்.

மற்ற சபைகளில் விவாதம் வேறு மாதிரி போனது. வீட்டில் அப்பமும் திராட்சை ரசமும் வைத்துக்கொண்டு, திரையில் போதகர் ஜெபித்தால் அது நற்கருணை ஆகுமா? ஆகும் என்றார்கள் சிலர். கூடிவராமல் அது எப்படி ஆகும் என்றார்கள் வேறு சிலர். அதனால் சபைக்குச் சபை பதில் மாறியது.

பாட்டுக்கு ஏன் தடை?

2020 ஜூன் மாதம் வழிபாட்டுத் தலங்களைத் திறப்பதற்கான விதிமுறைகளை மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்டது. பாடகர் குழு கூடாது, பதிவு செய்த பாட்டைப் போடலாம் என்பது அதில் ஒன்று. கீர்த்தனையும் பாமாலையும் பாடியே வளர்ந்தவர்களுக்கு இது பெரிய அடி.

காரணம் இல்லாமல் இல்லை. 2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடகர் குழு, சர்ச் ஒன்றில் சுமார் இரண்டரை மணி நேரம் பயிற்சி செய்தது. வந்தவர்கள் 61 பேர். அதில் 53 பேர் தொற்றுக்கு ஆளானதாகக் கணக்கிடப்பட்டது. 2 பேர் இறந்தார்கள். சத்தமாகப் பாடும்போது வாயிலிருந்து நுண்துளிகள் அதிகமாக வெளியேறும், மூடிய இடத்தில் அவை காற்றில் நிற்கும் என்பதை உலகத்துக்குப் புரியவைத்த சம்பவம் இது.

கல்யாண ஓலையை யார் முன் வாசிப்பது?

தவக்காலத்தில் பொதுவாகத் திருமணம் வைக்க மாட்டார்கள். ஈஸ்டர் முடிந்ததும் கல்யாணங்கள் வரிசை கட்டும். அதற்கு முன் ஓலை வாசிப்பார்கள். 'இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை இருந்தால் தெரிவியுங்கள்' என்று சபை முன் அறிவிப்பது. சபையே கூடாதபோது தடை சொல்ல யார் இருப்பார்கள்? 2020 மே மாத உத்தரவின்படி திருமணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடக்கூடாது. ஊரையே அழைத்துப் பழகியவர்களுக்கு 50 பேர் பட்டியல் போடுவதே பெரும்பாடு.

எல்லாவற்றையும்விட வலித்தது எது?

கடைசி மரியாதை. கிறிஸ்தவக் குடும்பத்தில் துக்கம் என்றால் சபையே வந்துவிடும். இரவெல்லாம் பாட்டு, ஜெபம், காலையில் ஆலயத்தில் ஆராதனை, பிறகு கல்லறைத் தோட்டம். ஊரடங்கில் இறுதிச் சடங்குக்கு 20 பேருக்கு மேல் கூடாது. கொரோனாவால் இறந்திருந்தால் உடலைக் குளிப்பாட்டவோ முத்தமிடவோ முடியாது. உடலைத் தொடாமல் வேதம் வாசிக்கலாம், தீர்த்தம் தெளிக்கலாம். அவ்வளவுதான்.

அந்த உரிமைகூட கிடைக்காமல் போன சம்பவம் சென்னையில் நடந்தது. 2020 ஏப்ரல் 19 அன்று நரம்பியல் அறுவை சிகிச்சை மருத்துவர் ஒருவர் கொரோனாவால் இறந்தார். கீழ்ப்பாக்கம் கல்லறையில் அடக்கம் செய்ய எதிர்ப்பு கிளம்பியது. உடலை வேலங்காடு மயானத்துக்குக் கொண்டுபோனால், அங்கே ஒரு கும்பல் தாக்கியது. ஆம்புலன்ஸ் கண்ணாடி நொறுங்கியது, ஊழியர்களுக்குக் காயம். மனைவியும் மகனும் அங்கிருந்து கிளம்ப வேண்டியதாயிற்று. கடைசியில் சக மருத்துவர் ஒருவர், மருத்துவமனை ஊழியர்களுடன் சேர்ந்து தன் கையாலேயே மண்ணைத் தள்ளிக் குழியை மூடினார்.

அடுத்த ஒரு வாரத்தில் தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. தொற்றால் இறந்தவரின் அடக்கத்தைத் தடுத்தால் 3 ஆண்டு வரை சிறை.

காணிக்கை நின்றபோது...

ஞாயிறு ஆராதனை இல்லை என்றால் காணிக்கைப் பையும் இல்லை. தனிச் சபைகளை நடத்தும் போதகர்கள் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. காணிக்கையில்தான் வீட்டு வாடகை, சமையல், எல்லாம். அறுப்பின் பண்டிகை ஏலமும் இல்லாததால் கிராமத்துச் சபைகளுக்கு வரும்படியே நின்றுபோனது.

இன்னொரு பக்கம், அதே சபைகளில் அரிசியும் பருப்பும் பொட்டலமாகிக்கொண்டிருந்தன. யார் வீட்டில் வேலை போனது, யார் தனியாக இருக்கிறார்கள் என்ற விவரம் சபைக்கு ஏற்கெனவே தெரியும். கத்தோலிக்கப் பங்குகளில் இதற்கு அன்பியம் கைகொடுத்தது. பக்கத்துப் பக்கத்து வீடுகளைச் சேர்த்து அமைத்த சிறு குழுதான் அன்பியம்.

திறந்தார்கள்... ஞாயிறு மட்டும் பூட்டு

2020 ஜூலையில், கிராமப்புறங்களில் ஆண்டு வருமானம் 10,000 ரூபாய்க்கும் குறைவான சின்ன வழிபாட்டுத் தலங்களுக்கு அனுமதி கிடைத்தது. செப்டம்பர் 1 முதல் மற்றவையும் திறந்தன. 65 வயதைத் தாண்டியவர்களும் 10 வயதுக்குட்பட்டவர்களும் வீட்டிலேயே இருப்பது நல்லது என்றது விதிமுறை. அதாவது பாட்டியும் வர முடியாது, பேரனும் வர முடியாது.

இரண்டாம் அலையில், 2021 ஏப்ரல் 26 முதல் மறுபடியும் மூடல். ஜூலையில் திறந்தாலும், அடுத்த சில வாரங்களில் வெள்ளி, சனி, ஞாயிறு தரிசனத்துக்குத் தடை வந்தது. எல்லா மதத்துக்கும் ஒரே விதிதான். ஆனால் சர்ச்சுக்கு ஞாயிறு போனால் வாரமே போன மாதிரி. அக்டோபர் நடுவில்தான் எல்லா நாளும் திறக்க அனுமதி கிடைத்தது.

அப்படியென்றால் சபை என்பது எது?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் சுமார் 44 லட்சம் கிறிஸ்தவர்கள். அவர்கள் எல்லோரும் இந்தக் கேள்வியை ஏதோ ஒரு விதத்தில் சந்தித்திருப்பார்கள். 'சபை' என்ற சொல்லுக்கே கூட்டம் என்றுதான் பொருள். பிரசங்கத்தைத் தனியாக உட்கார்ந்து கேட்டுவிடலாம். ஒரே கிண்ணத்தில் பருகுவதும், பக்கத்தில் நின்று பாடுவதும், சவப்பெட்டிக்குத் தோள் கொடுப்பதும் தனியாக முடியாது. நேரலை அவர்களை உடையாமல் பிடித்து வைத்தது உண்மை. ஆனால் அது அந்த இடத்தை நிரப்பவில்லை.

நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் சர்ச் பண்டிகை என்றால் அசனம் இருக்கும். பெரிய அண்டாவில் சமைத்து, சாதி மதம் பார்க்காமல் ஊருக்கே சோறு போடுவார்கள். கொரோனா காலத்தில் அந்த அடுப்பு எரியவில்லை. எந்த நேரலையிலும் அசனம் சாப்பிட முடியாதே!