கையடக்கக் காமிராவும் அதன் பரீட்சையும்

சென்னை ராஜதானி அரசாங்கத்தின் புகைப்படக்காரராயிருந்த காப்டன் லின்னேயஸ் டிரைப், இராயக்கோட்டை முதலாகச் சேலம் ஜில்லாவின் சில இடங்களைப் படம் பிடித்து 1858-இல் ஒரு தொகுதியாக வெளியிட்டபோது, அவருடைய காமிராவுக்குள் வைத்த மெழுகேற்றிய காகித நெகடிவ் ஏறத்தாழ 15 அங்குல நீளமும் 12 அங்குல அகலமும் உடையதாயிருந்தது. அந்த நெகடிவை ரசாயனம் பூசிய வேறொரு காகிதத்தின்மேல் வைத்து வெயிலில் காட்டி, அதே அளவில் பிரதி எடுத்தார்கள். ஆகையால் பிம்பத்தைப் பெரிதாக்க வேண்டிய அவசியமே எழவில்லை, பெரிதாக்கும்போது தலைகாட்டும் குறைகளும் அவர்களைத் துன்புறுத்தவில்லை. இன்று சட்டைப் பையில் அடங்கும் காமிரா ஒன்றின் சென்சார், அதாவது லென்ஸின் வழியே வரும் ஒளியை மின்சாரமாக மாற்றும் சிலிக்கன் தகடு, 23.6 மில்லிமீட்டர் நீளமும் 15.6 மில்லிமீட்டர் அகலமுமே உடையது. டிரைப்பின் காகிதத்தில் முந்நூற்றில் ஒரு பங்குக்கும் குறைந்த அந்தப் பரப்பில் விழுந்த பிம்பத்தை, சுவரில் மாட்டத்தக்க ஏ-3 தாளின் அளவுக்குக் கொண்டுவர வேண்டுமானால் ஏறக்குறைய 18 மடங்கு நீட்ட வேண்டும். கையடக்கக் காமிராக்களைப் பரீட்சித்து வாங்க வேண்டியிருப்பது இந்தப் பதினெட்டு மடங்கின் நிமித்தமே.

இருந்தபோதிலும் இதுவே பெரிய சென்சார் என்று சொல்லப்படுகிறது. சாதாரணச் சிறு காமிராக்களில் வெகுகாலமாக இருந்துவந்த தகடு 6.17 மில்லிமீட்டர் நீளமே உடையது. அதிலிருந்து அதே தாளுக்குப் போக 68 மடங்கு நீட்ட வேண்டும். பெரிய தகட்டைச் சிறிய பெட்டிக்குள் புகுத்தும் முயற்சி 2008-இல் வெளிவந்த சிக்மா டிபி-1 காமிராவில் உருப்பெற்றது. பின்னர் 2011-இல் ஃபூஜி எக்ஸ்-100, 2012-இல் பழைய ஃபிலிமின் முழு அளவாகிய 36-க்கு 24 மில்லிமீட்டர் தகட்டைக் கொண்ட சோனி ஆர்எக்ஸ்-1, 2013-இல் ரிக்கோ ஜிஆர் என வரிசையாக வந்தன. இவை எல்லாவற்றிலும் லென்ஸ் உடலோடு நிலையாகப் பொருத்தப்பட்டது. கழற்றி மாற்ற இயலாது. அதனால் லென்ஸின் பின்புறக் கண்ணாடியைத் தகட்டுக்கு மிக அருகில் கொண்டுபோய், பெட்டியின் கனத்தைக் குறைக்க முடிந்தது. ஆனால் அந்த ஒரு லென்ஸ் கோணலாக அமைந்துவிட்டால், அந்தக் காமிராவுக்கு விமோசனம் கிடையாது என்பதையும் வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

தகடு பெரியதாக இருப்பதனால் வரும் பயன் யாது? ஒளி துகள் துகளாக வந்து விழுகிறது. அவ்வாறு விழுவதில் ஓர் இயற்கையான ஒழுங்கின்மை உண்டு. காப்பி உலர்த்தும் களத்தில் சிறு தூறல் போடும்போது, கையகலமுள்ள இரண்டு இடங்களை ஒப்பிட்டால் ஒன்றில் நாலு துளியும் மற்றொன்றில் எட்டுத் துளியும் விழுந்திருக்கும். களத்தின் இரு பாதிகளை ஒப்பிட்டாலோ வித்தியாசமே தெரியாது. பெரிய தகடும் அவ்வாறே அதிகத் துகள்களை ஏற்பதால், ஏற்றத்தாழ்வு விகிதத்தில் குறைந்துவிடுகிறது. ஒரு புள்ளியில் 10,000 ஒளித்துகள்கள் விழுந்தால் ஏற்றத்தாழ்வு அதன் வர்க்கமூலமாகிய 100, அதாவது நூற்றில் ஒன்று. 100 துகள்களே விழுந்தால் ஏற்றத்தாழ்வு 10, அதாவது பத்தில் ஒன்று. இருட்டில் எடுத்த படங்களில் மணல் தூவினாற்போலத் தோன்றுவதும், புகைப்படக்காரர்கள் நாய்ஸ் என்று சொல்வதும் பெரும்பாலும் இதுதான். எந்த மென்பொருளும் இந்த இயற்கை விதியை அழிக்க முடியாது. மணலைத் துடைக்கும்போது இலை நரம்பையும் சேர்த்துத் துடைத்துவிடும்.

காமிராக்களைப் பரீட்சிக்கப் பரிசோதனைச் சாலைகளில் திட்டவட்டமான முறைகள் உள்ளன. சாய்வான கறுப்பு விளிம்பைப் படம் பிடித்து, கறுப்பு எவ்வளவு விரைவில் வெளுப்பாக மாறுகிறது என்பதிலிருந்து கூர்மையைக் கணக்கிடும் ஐஎஸ்ஓ 12233 என்ற சர்வதேச விதி 2000-ஆம் ஆண்டு முதல் வழக்கிலுள்ளது. நிறத்துக்கு 24 சதுரங்கள் கொண்ட வர்ண அட்டை உண்டு. இவற்றின் முடிவுகள் மதிக்கத்தக்கவையே. எனினும் அவை அந்தச் சாலைக்கு வந்து சேர்ந்த ஒரு காமிராவைப் பற்றியவை. நம் கைக்கு வந்த காமிரா அதன் உடன்பிறப்பேயன்றி அதுவேயல்ல. ஆகவே நம்முடையதை நாமே பரீட்சிக்க வேண்டும் என்பதே என் திடமான அபிப்பிராயம். அதற்குச் சேர்வராயன் மலையில் வாழவந்தியைச் சுற்றியுள்ள தோட்டப் பிரதேசத்தைவிடச் சிறந்த பரிசோதனைச் சாலை வேண்டியதில்லை.

முதலாவதாக அங்கே மூடுபனி இருக்கிறது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாதபடி பனி இறங்கும் காலைகளில், வெளுப்பு நாற்புறமும் ஒரே சீராகப் பரவியிருக்கும். அப்போது காமிராவை வெறும் பனியை நோக்கி நிறுத்தி, குவியத்தை வேண்டுமென்றே தப்ப வைத்து, லென்ஸின் துவாரத்தை எஃப்-16 வரை சுருக்கி ஒரு படம் எடுத்துப் பார்த்தால், தகட்டின்மேல் ஒட்டிய தூசு ஒவ்வொன்றும் சாம்பல் நிறப் பொட்டாகத் தெரியும். லென்ஸைக் கழற்ற முடியாத காமிராவில் தூசு புகுந்தால் சொந்தக்காரர் துடைக்க வழியில்லை; புதுக் காமிராவில் அத்தகைய பொட்டு இருந்தால் அதை ஏற்றுக்கொள்ளவே கூடாது. துவாரத்தை முழுவதும் திறந்து இன்னொரு படம் எடுத்தால், நடுவில் பிரகாசமும் மூலைகளில் இருளுமாக ஒளி எவ்வளவு குன்றுகிறது என்பதும், மூலைகளில் ஊதாவோ பச்சையோ சாயல் ஏறுகிறதா என்பதும் விளங்கும்.

அடுத்தது சுவர்ப் பரீட்சை. தட்டையான சுவர் ஒன்றில் செய்தித்தாளின் சிறு விளம்பரப் பக்கங்களை நடுவிலும் நான்கு மூலைகளிலும் ஒட்டி, காமிராவை முக்காலியில் நிறுத்தி, பின்புறம் சுவருக்கு இணையாக இருக்கிறதா என்று அளந்து பார்த்து, கை படாமல் டைமரால் படம் எடுக்க வேண்டும். தமிழ் எழுத்து இதற்கு மிகவும் உகந்தது. மெய்யெழுத்தின் தலைமேலுள்ள புள்ளி தனியே நிற்கிறதா, எழுத்தோடு ஒட்டிக் கறையாகிறதா என்று பார்த்தாலே லென்ஸின் தராதரம் தெரிந்துவிடும். நான்கு மூலைகளும் ஒரே அளவில் மங்கலாயிருந்தால் அது அந்த லென்ஸின் சுபாவம். துவாரத்தைச் சுருக்கினால் பெரும்பாலும் சரியாகும். மூன்று மூலைகள் தெளிவாயிருக்க ஒன்று மட்டும் மங்கினால், கண்ணாடிகளுள் ஏதோ ஒன்று அச்சிலிருந்து விலகியிருக்கிறது என்று பொருள். அந்த ஊனம் எந்தத் துவாரத்திலும் அடியோடு மறையாது. அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாமல், ஒவ்வொரு முறையும் புதிதாகக் குவியப்படுத்திப் பலமுறை எடுத்து ஒப்பிடுவது நியாயம். சில சமயம் தவறு லென்ஸினுடையதாக இல்லாமல் தானியங்கிக் குவியத்தினுடையதாக இருக்கும்.

துவாரத்தைச் சுருக்கச் சுருக்கக் கூர்மை வளர்ந்துகொண்டே போகும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியன்று. சிறு துவாரத்தின் வழியே வரும் ஒளி தானாகவே விரிந்து வட்டமாகப் பரவும். பச்சை ஒளிக்கு எஃப்-5.6-இல் அவ்வட்டத்தின் விட்டம் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஏழரைப் பங்கு. எஃப்-16-இலோ இருபத்தொரு பங்குக்கு மேல். 2 கோடியே 40 லட்சம் பிக்ஸல்கள் கொண்ட தகட்டில் ஒரு பிக்ஸலின் அகலம் அதே கணக்கில் நான்கு பங்குக்குச் சற்றுக் குறைவு. ஆக, எஃப்-16-இல் ஒரே ஒளிப்புள்ளி ஐந்து பிக்ஸல் அகலத்துக்குக் கசிகிறது. சுவரைத் தவிர, முழங்கை தூரத்திலுள்ள பொருளையும் எடுத்துப் பார்ப்பது நலம். எக்ஸ்-100 வரிசையில் முதலிலிருந்து இருந்த லென்ஸ், முழுத் திறப்பில் கிட்டப் பொருள்களைச் சற்று மங்கலாகவே காட்டிற்று. 2020-இல் எக்ஸ்-100வி மாதிரிக்கு லென்ஸைத் திருத்தியமைத்த பிறகே அக்குறை பெரிதும் நீங்கிற்று.

ஒளிநிழல் வீச்சை அறியக் காப்பித் தோட்டத்துக்கே போக வேண்டும். 1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் காலத்தில் இம்மலையில் புகுந்த காப்பி, இன்றும் மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களின் நிழலில்தான் வளர்கிறது. நண்பகலில் அந்நிழலுக்குள் நின்று பார்த்தால், இலையிடுக்கில் வானம் கண்ணைக் கூசச் செய்யும். செடியின் அடியில் மண் கறுத்துக் கிடக்கும். வானம் வெளுத்துப் போகாதபடி ஒளியைக் குறைத்து ரா கோப்பாக, அதாவது தகடு பதிந்தபடியே திருத்தாத கோப்பாக, எடுத்து, பிறகு கணினியில் நிழலை மட்டும் நான்கு ஸ்டாப், அதாவது பதினாறு மடங்கு, உயர்த்திப் பாருங்கள். மண்ணில் உதிர்ந்த சருகுகள் தனித்தனியே தெரிந்தால் அது நல்ல தகடு. ஊதா நிறக் கோடுகளும் திட்டுகளுமாகத் தோன்றினால் அன்று. கோடை மழைக்குப் பின் கொத்துக் கொத்தாக மலரும் வெண்காப்பிப் பூவின் இதழ் விளிம்பும், மார்கழி தை மாதங்களில் சிவந்து பழுக்கும் பழத்தின் பளபளப்பும் இதே வகையான சோதனைகள்தாம். சிவப்பில் ஒரு சூட்சுமம் உண்டு: மொத்த வெளிச்சம் சரியென்று காமிரா காட்டினாலும், சிவப்புப் பிக்ஸல்கள் மட்டும் நிரம்பி வழிந்து, பழம் உருண்டை என்பதே தெரியாமல் தட்டையான சிவப்புப் பொட்டாகிவிடும்.

பொழுது சாய்ந்தபின் அதே மலையிலுள்ள ஏற்காட்டில் லேடீஸ் சீட் என்னும் இடத்திலிருந்து பார்த்தால், வெகு ஆழத்தில் சேலம் நகரத்து விளக்குகள் தெரியும். அவற்றைப் படத்தின் மூலைகளில் வரும்படி அமைத்தால், புள்ளியாக நிற்கவேண்டிய விளக்குக்குச் சிறகு முளைக்கிறதா என்று காணலாம். பகலில் அந்தக் காட்சியை நம்பி லென்ஸைப் பழிக்கக் கூடாது. சமவெளியின் வெப்பத்தில் நடுங்கும் காற்றே எந்த லென்ஸையும் மங்கச் செய்யும்.

இரண்டு காமிராக்களை ஒப்பிடுகையில் ஒரே துவாரமும் ஒரே ஷட்டர் வேகமும் வைத்து எடுத்து, திரையில் பிக்ஸல் பிக்ஸலாக அன்றி, ஒரே அளவில் அச்சிட்ட தாளில் பார்க்க வேண்டும். மேலே சொன்ன சோதனைகளில் சுவரும் செய்தித்தாளும் எந்த ஊரிலும் கிடைக்கும். காமிரா வாங்கிய வாரத்திலேயே, கடைக்காரர் மாற்றித் தர ஒப்புக்கொண்ட கெடு முடியுமுன் அந்த ஒரு பரீட்சையையாவது செய்துவிடுங்கள். ஒரு மூலை மட்டும் மங்கியிருந்தால், படங்களை அச்சிட்டுக் கையோடு கொண்டுபோய்க் காட்டி, வேறு காமிரா கேட்டு வாங்குங்கள்.