கையொப்பத்துக்கு முன் ஆயிரம் ஒத்திகை

வங்கிக் கணக்கிலிருந்து தவறான எண்ணுக்குப் பணம் போய்விட்டால் கிளைக்குச் சென்று எழுதிக் கொடுக்கலாம். திரும்பி வரக் கொஞ்சமாவது வாய்ப்பு உண்டு. பிட்காயினில் அப்படி ஒரு கிளையே கிடையாது. ரகசியச் சாவியால் கையொப்பமிட்ட பரிவர்த்தனை வலைப்பின்னலில் உறுதியாகிவிட்டால், அதைத் திருப்பித் தரும் அதிகாரம் யாருக்கும் இல்லை. அதனால்தான் அந்தச் சாவியை வைரஸ் புகக்கூடிய கணினியில் வைக்காமல், உள்ளங்கையில் அடங்கும் தனிக் கருவி ஒன்றில் வைக்கிறார்கள். அதுவே ஹார்டுவேர் வாலட். செக் நாட்டுத் தலைநகர் பிராகில் இயங்கும் சடோஷிலேப்ஸ் நிறுவனம் 2014இல் கொண்டுவந்த ட்ரெஸர் இந்த வகைக்கு முன்னோடி. கணினி பரிவர்த்தனையைத் தயாரித்து யுஎஸ்பி வழியாக அனுப்பும். யாருக்கு, எவ்வளவு என்பதைக் கருவி தன் சிறு திரையில் காட்டும். உரிமையாளர் சரிபார்த்து ஒப்புதல் தந்தால் கையொப்பம் மட்டும் வெளியே போகும். சாவி உள்ளேயே இருக்கும். இந்தப் பாதுகாப்பைப் பலர் பெட்டியின் குணமாக எண்ணுகிறார்கள். அதில் பெரும்பங்கு உள்ளே ஓடும் ஃபர்ம்வேர் என்ற மென்பொருளின் குணம். பெட்டி மாறுவதில்லை, ஃபர்ம்வேர் அடிக்கடி மாறுகிறது. நேற்று சரியாக இருந்தது இன்றும் சரியாக இருக்கிறதா என்பதை ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் புதிதாக நிரூபிக்க வேண்டியிருக்கிறது. மனிதர் சலிப்பில்லாமல் செய்ய முடியாத அந்த வேலையைச் செய்பவை தானியங்கிச் சோதனைகள்.

இவற்றில் எளியது, விடை முன்பே தெரிந்த கணக்கைக் கொடுத்துப் பார்ப்பது. வாலட்டின் சாவிகள் அனைத்தும் பெரும்பாலும் 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களிலிருந்து பிறக்கின்றன. பிப் 39 என்ற தரநிலை 2048 சொற்கள் கொண்ட பட்டியலையும், அவற்றைச் சாவியின் விதையாக மாற்றும் கணக்கையும் வரையறுக்கிறது. 12 சொற்களுக்கான உள்ளீடு முழுக்கப் பூஜ்யமாக இருந்தால் ‘அபாண்டன்’ என்ற சொல் 11 முறையும் கடைசியில் ‘அபவுட்’ என்பதும் வரவேண்டும். அதிலிருந்து எந்த விதை கிடைக்க வேண்டும் என்பதும் வெளியிடப்பட்டிருக்கிறது. ஒரு பிட் மாறினாலும் சோதனை தோற்றுவிடும். இது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் சாவிகளைக் கிளை கிளையாகப் பிரிக்கும் பிப் 32 தரநிலையின் சோதனைப் பட்டியலில் பின்னாளில் ஒரு கணக்கு சேர்க்கப்பட்ட காரணத்தைப் பாருங்கள். சாவி பூஜ்ய பைட்டில் தொடங்கினால் சில மென்பொருள்கள் அந்தப் பூஜ்யத்தைத் தூக்கி எறிந்துவிட்டன. ஒரு சாவி அப்படி அமைவது சராசரியாக 256இல் ஒரு முறைதான். அதுவரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். கருவி தொலைந்து, அதே சொற்களை வேறொரு வாலட்டில் ஏற்றும் நாளில்தான் பணம் இருந்த முகவரியே காணாமல் போனதுபோல் தெரியும். கையால் பத்து முறை சோதித்தவர் கண்ணில் படாத பிழை இது. பட்டியலில் ஒரு வரி சேர்ந்தபின் தப்பவே முடியாத பிழை.

கணக்கு சரியாக இருந்தால் மட்டும் போதாது. திரையில் காட்டியதுதான் கையொப்பமாகிறதா என்பதே இந்தக் கருவியின் உயிர்நிலை. ட்ரெஸர் ஃபர்ம்வேரைச் சாதாரணக் கணினியில் ஓடும் எமுலேட்டராகவும் தொகுக்கலாம். பைத்தானில் எழுதிய சோதனை நிரல்கள் அந்தப் போலிக் கருவியோடு பேசுகின்றன. ‘ஆல்’ என்ற ஒரே சொல்லைப் பன்னிரண்டு முறை அடுக்கிய விதையை ஏற்றி, பரிவர்த்தனையை அனுப்பி, திரையில் வந்த வாசகத்தைப் படித்து, பொத்தானை அழுத்தி, வெளிவந்த கையொப்பத்தை எதிர்பார்த்ததோடு ஒப்பிடுகின்றன. ஒவ்வொரு திரையையும் படமாகப் பிடித்து, அதன் சுருக்க எண்ணை முன்பு சேமித்ததோடு பொருத்துகின்றன. ஒரு முகவரியின் கடைசி எழுத்து திரை ஓரத்தில் வெட்டுப்பட்டாலும் தெரிந்துவிடும். மறுப்பதையும் சோதிக்க வேண்டும்: உரிமையாளர் ‘வேண்டாம்’ என்று சொன்னால் கையொப்பம் வரவே கூடாது; பரிவர்த்தனைக் கட்டணம் அளவுக்கு மீறினால் எச்சரிக்கை வந்தே ஆகவேண்டும். காவலாளியின் திறமை கதவைத் திறப்பதைவிடத் திறக்க மறுப்பதில்தான் இருக்கிறது.

இங்கே நியாயமான ஒரு கேள்வி எழும். நிரல் எதுவும் பொத்தானை அழுத்த முடியாது என்பதே கருவியின் வாக்குறுதி. சோதனைக்காக ஒரு நிரல் அழுத்துகிறது என்றால், திருடனின் நிரலும் அழுத்தாதா? சோதனைக்கென வைத்த இந்தப் பின்கதவின் பெயர் டீபக் லிங்க். தொகுக்கும்போதே ஓர் அமைப்பின் மூலம் அது சேர்க்கப்படுகிறது அல்லது விலக்கப்படுகிறது. மக்களிடம் போகும் ஃபர்ம்வேரில் அது இருப்பதில்லை. இதை நிறுவனத்தின் சொல்லை நம்பி ஏற்க வேண்டியதுமில்லை. மூலநிரல் பொதுவில் இருக்கிறது. அதை யார் தொகுத்தாலும் ஒரே பைட்டுகள் வரும்படி ஏற்பாடு உண்டு. நிறுவனத்தின் கையொப்பப் பகுதியை மட்டும் ஒதுக்கிவிட்டு, வெளியான கோப்போடு எவரும் ஒப்பிடலாம். அந்த ஒப்பீடு சாத்தியமாக இருக்கும் வரையில்தான் பின்கதவு வைத்துச் சோதிப்பது நியாயம். மூடிய நிரலில் இதே வசதி இருந்தால் நான் அஞ்சுவேன்.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது: எமுலேட்டர் கருவி ஆகாதே. உண்மைதான். மின்சாரம் அறுந்தால் நினைவகத்தில் பாதி எழுதிய தகவல் என்னவாகும் என்பதை முழுமையாகச் சொல்ல அசல் சில்லு வேண்டும். கருவியைத் திறக்கும் ரகசிய எண்ணான பின் எண்ணை எடுத்துக்கொள்வோம். ட்ரெஸரில் அதை ஓர் எல்லைக்கு மேல் தவறாக இட்டால் உள்ளே இருப்பது அழிந்துவிடும். தவறு என்று தெரிந்தபின் எண்ணிக்கையைக் கூட்டினால், அந்தக் கணத்தில் மின்சாரத்தைத் துண்டித்துத் திருடன் முடிவில்லாமல் முயலலாம். ஆகவே முதலில் எண்ணிக்கையைக் கூட்டிவிட்டு, பிறகுதான் எண்ணைச் சரிபார்க்கிறார்கள். இந்த வரிசை எந்தத் திருத்தத்திலும் புரளக் கூடாது. அதனால் அசல் கருவிகளையும் சோதனைக் கணினியோடு இணைத்து, மின்னிணைப்பை நிரலால் துண்டித்தும் கொடுத்தும் பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்கும் எல்லை உண்டு. கருவி கையில் கிடைத்தால் மின்னழுத்தத்தை நுட்பமாகக் குலைத்துச் சில்லைத் தடுமாற வைத்து விதையை எடுக்க முடியும் என்று கிராக்கன் என்ற கிரிப்டோ பரிமாற்ற நிறுவனத்தின் பாதுகாப்புக் குழு 2020 ஜனவரியில் அறிவித்தது. அது சில்லின் பலவீனம். ஃபர்ம்வேர் சோதனையால் அதைத் தீர்க்க முடியாது. 2023இல் வந்த ட்ரெஸர் சேஃப் 3 கருவியில் தனிப் பாதுகாப்புச் சில்லும் சேர்க்கப்பட்டது. சோதனை எதற்குப் பொறுப்பு, எதற்குப் பொறுப்பில்லை என்று தெரிந்துகொள்வதும் பாதுகாப்பின் ஒரு பகுதி.

மூன்றாவது ஆட்சேபம்: எழுதியவருக்குத் தோன்றியதைத்தானே சோதனை பிடிக்கும்? 2020இன் அனுபவம் இதற்குச் சான்று. பிட்காயினில் 2017இல் நடைமுறைக்கு வந்த செக்விட் முறையில், பரிவர்த்தனையில் செலவாகும் ஓர் உள்ளீட்டுக்கான கையொப்பம் அந்த உள்ளீட்டின் தொகையையும் உறுதிசெய்யும். எனவே கணினி சொல்லும் தொகையை நம்பலாம், பழைய பரிவர்த்தனையை முழுதாகக் கேட்க வேண்டாம் என்று வாலட்டுகள் கருதின. இரண்டு உள்ளீடுகள் இருக்கும்போது வஞ்சக நிரல் ஒருமுறை முதல் தொகையை மட்டும் உண்மையாகவும், மறுமுறை இரண்டாவதை மட்டும் உண்மையாகவும் சொன்னால் என்ன ஆகும்? இரண்டு முறையும் திரையில் சிறு கட்டணமே தெரியும். உண்மைத் தொகைக்குரிய கையொப்பங்களை இரண்டிலிருந்தும் எடுத்துச் சேர்த்தால், பெறுபவருக்குப் போகாமல் மீதமாகும் பெரும்பணம் கட்டணமாகக் கரைந்துபோகும். நிரல் தரநிலைப்படியே நடந்தது, சோதனைகளும் தேறியிருக்கும். எடுகோள்தான் தவறு. 2020 ஜூனில் வந்த ட்ரெஸர் புதுப்பிப்பு, பழைய பரிவர்த்தனையை முழுதாகக் கேட்டுச் சரிபார்க்கத் தொடங்கியது.

இதிலிருந்து ‘சோதனையால் பயனில்லை’ என்ற முடிவுக்கு வருவது தவறு. மனித மூளைக்குத் தோன்றாத உள்ளீடுகளை இயந்திரமே கோடிக்கணக்கில் உருவாக்கி எறிந்து பார்க்கும் ஃபஸ்ஸிங் முறை, ‘தோன்றியதை மட்டுமே’ என்ற குறையை ஓரளவு ஈடுசெய்கிறது. ஆனால் தவறான எடுகோளைக் கண்டுபிடிக்க இன்னமும் மனிதர்தான் வேண்டும். கண்டுபிடித்ததை மறக்காமல் வைத்திருக்கத்தான் சோதனை வேண்டும். ஒருமுறை வெளிப்பட்ட தாக்குதலைச் சோதனையாக எழுதிவிட்டால், அந்தப் பாடம் கற்ற பொறியாளர் வேலையை விட்டுப் போனாலும், ஐந்தாண்டு கழித்து வேறொருவர் அதே வரியைத் திருத்தினாலும், அந்தப் பிழை சத்தமில்லாமல் திரும்ப முடியாது. ஆகவே ஹார்டுவேர் வாலட் வாங்க நினைப்பவர் சில்லின் பெயரையும் உலோக உறையையும் பார்ப்பதோடு நிற்காமல் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும்: இதன் சோதனைகள் பொதுவில் இருக்கின்றனவா? முன்பு நேர்ந்த பிழைகள் அவற்றில் சோதனைகளாகப் பதிவாகியிருக்கின்றனவா? நடந்த தவறை நடந்தபின் திருத்த முடியாத இடத்தில், திருத்தம் முழுவதையும் பொத்தான் அழுத்தப்படுவதற்கு முன்பே முடித்துவைத்திருக்க வேண்டும்.